அட்வென்ச்சர் பைக்கின் சக்கரமும் டயரும்: 42,000 கிலோமீட்டருக்குப் பிறகு

என் அட்வென்ச்சர் பைக் ஐந்து ஆண்டுகளில் 42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதுவரை பின்பக்கத்தில் மூன்று டயர்களைத் தேய்த்து முடித்திருக்கிறேன். சக்கரங்களையும் ஒருமுறை மாற்றியிருக்கிறேன். டயர் வாங்குவோர் முதலில் பார்ப்பது பட்டன் வடிவத்தைத்தான், அதாவது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகளின் அமைப்பை. என் பயணங்களை அதைவிட அதிகமாகப் பாதித்தது, டயருக்குள் டியூப் இருந்ததா இல்லையா என்பதே.

பைக்குடன் வந்தவை டியூப் வைத்த ஸ்போக் (கம்பி) சக்கரங்கள்: முன்னால் 90/90-21, பின்னால் 150/70-18 (கடைசி எண் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில்). 21 அங்குலச் சக்கரம் கற்களிலும் பள்ளங்களிலும் முட்டி நிற்காமல் ஏறி இறங்குகிறது. தார்ச்சாலை வளைவுகளில் 19 அங்குலச் சக்கரம் இன்னும் எளிதாகச் சாய்கிறது என்பதையும் வேறொரு பைக்கில் உணர்ந்திருக்கிறேன். கரடுமுரடான பாதையில் கிடைக்கும் நம்பிக்கைக்காக அந்தச் சுறுசுறுப்பை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் டியூப் என்னைச் சோதித்துவிட்டது. ஆணி குத்திய சில நொடிகளில் காற்று முழுவதும் இறங்கி, பைக்கின் பின்பகுதி அலைபாயத் தொடங்கியது. சாலையோரத்தில் சக்கரத்தைக் கழற்றி, டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து (சக்கரத்தின் உலோக வளையத்திலிருந்து) பிரித்து, மாற்று டியூபை உள்ளே செலுத்தும்போது டயரை நெம்பும் லீவர் அதையும் கிள்ளிவிட்டது. மூன்று மணி நேரம் போயிற்று.

அதன் பிறகுதான் டியூப் இல்லாமலேயே டயருக்குள் காற்று நிற்கும் டியூப்லெஸ் ஸ்போக் சக்கரங்களுக்கு மாறினேன். சாதாரண ஸ்போக் ரிம்மில் கம்பிகளை இறுக்கும் நிப்பிள்கள் ரிம்மின் நடுவே துளைத்துச் செல்வதால் அங்கே காற்று நிற்காது. கம்பிகளை ரிம்மின் வெளி விளிம்புகளில் பொருத்தினால் காற்றறையில் துளையே விழாது, 1987-இல் பி.எம்.டபிள்யூ ஆர் 100 ஜி.எஸ் இந்தக் குறுக்கு ஸ்போக் சக்கரங்களுடன் வந்தது. என் சக்கரங்களும் அதே முறையில் அமைந்தவை. மாறியபின் நேர்ந்த மூன்று பஞ்சர்களையும் சக்கரத்தைக் கழற்றாமலேயே ரப்பர் திரியைச் செருகி அடைத்து, சிறிய கம்ப்ரெஸரால் காற்றடித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. ரிம்மின் விளிம்பு நசுங்கினால் டயர் அங்கே ஒட்டி உட்காராமல் காற்று கசியும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் திரி உதவாது. ஆகவே ஒரு 21 அங்குல டியூபை மட்டும் எப்போதும் எடுத்துச் செல்கிறேன். அவசரத்துக்கு அதையே 18 அங்குலப் பின்சக்கரத்திலும், சற்று மடிப்பு விழுந்தாலும், நுழைத்து மெதுவாக அடுத்த ஊர்வரை ஓட்டலாம்.

இனி டயருக்கு வருகிறேன். சாலைக்கு முதன்மை தரும் முதல் பின்டயர் 14,000 கிலோமீட்டர் உழைத்தது. சேறு மட்டுமே அதைத் தோற்கடித்தது, டயரின் பள்ளங்கள் அடைபட்டு வழவழப்பான டயரைப்போல் சுழன்றது. அடுத்த இரண்டும் பெரிய பட்டன்கள் கொண்டவை. மண்ணில் அருமையாகப் பற்றினாலும் 8,000 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. நனைந்த தாரில் பட்டன்கள் வளைந்து நெளிவதை இருக்கையிலேயே உணர முடிந்தது. இப்போது முன்னால் பட்டன் டயரும் பின்னால் சாலை டயரும் போட்டிருக்கிறேன். பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் விழுவோம் என்பதே இதற்குக் காரணம். முன்டயரின் பட்டன்கள் பிரேக் விசையால் ஒருபக்கமாகத் தேய்ந்து, ஹேண்டிலில் லேசான அதிர்வைத் தருவது மட்டும் குறை.

வாங்கும்போது பக்கச்சுவரைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். நான்கு இலக்கத் தயாரிப்பு எண் 2321 என்றிருந்தால், அது 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 69 என்ற சுமைக்குறியீடு 325 கிலோவைத் தாங்கும். பெட்டிகளும் பின்னிருக்கையில் ஆளும் இருந்தால் இதைக் கவனித்தே ஆக வேண்டும். கியூ என்ற வேகக்குறியீட்டின் எல்லை மணிக்கு 160 கிலோமீட்டர், வி என்பதற்கு 240; பட்டன் டயர்களில் பல கியூ வகையே.

தார்ச்சாலையில் பைக்கின் கையேடு சொல்லும் காற்றழுத்தத்தையே வைக்கிறேன். கல்பாதையில் அதைவிட ஏழெட்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைத்தால் பிடிப்பு கூடுகிறது. மேலும் குறைத்தால் கூரிய கல்லில் ரிம் அடிவாங்கும். ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன் ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறேன். இறுகியவை கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.