பழைய வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா?

புதுச்சேரி தமிழர் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக நிற்கும் வீட்டில் காரை உதிரத் தொடங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும்.

செலவு: சிமெண்ட் மலிவு, எந்தக் கொத்தனாரும் பூசுவார். சுண்ணாம்புக்குக் கூலி கூடுதல், பழகிய கை வேண்டும்.

நேரம்: சிமெண்ட் சில நாளில் முடியும். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துப் பூச வாரக்கணக்காகும்.

ஆயுள்: இங்கேதான் கணக்கு மாறுகிறது. பழைய செங்கல் மிருதுவானது; தரையின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துவிடும். அப்புறம் உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லைப் பொடியாக்கும். சில வருஷம் கழித்து அந்தப் பூச்சைத் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகச் சத்தம் வரும். பெயர்த்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்தே வரும். மனசு பதறும்.

தோற்றம்: தெரு முழுக்க ஒத்துப்போனால்தான் அழகு. முகப்புகளை மரபுப்படி சீரமைத்த வைசியாள் வீதிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

பின்கட்டில் புதிதாகக் கட்டும் குளியலறைக்குச் சிமெண்ட் சரி. பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்புதான். பணம் போதாவிட்டால் இந்த வருஷம் முகப்பை மட்டும் செய்யுங்கள், மீதி காத்திருக்கட்டும்.