சிறைப் புள்ளிவிவர அறிக்கை: சாதி அட்டவணையை அப்படியே எடுக்காதீர்கள்

இந்தியச் சிறைகளில் யார், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அறிய, தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கைதான் முதன்மையான வழி. தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, தடுப்புக் காவல் கைதி என்று மாநிலவாரியாகப் பிரித்து சாதி, மதம், வயது, படிப்பு விவரங்களைத் தருகிறார்கள். இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மொத்தக் கணக்குக்கு நல்ல ஆவணம்: 2022 டிசம்பர் 31 அன்று 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்.

சிக்கலே சாதி அட்டவணையில்தான். 2019ஐப் பாருங்கள். மொத்தம் 4,78,600 பேர். பட்டியல் சாதியினர் 99,273, பழங்குடியினர் 53,336, இதர பிற்படுத்தப்பட்டோர் 1,62,800, மற்றவர்கள் 1,26,393. நான்கையும் கூட்டினால் 4,41,802தான் வருகிறது. மீதி 36,798 பேர் எந்தக் கட்டத்திலும் இல்லை. பட்டியல் சாதியினரின் பங்காக நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட 20.74 விழுக்காடு, அவர்களை முழு மொத்தத்தால் வகுத்து வந்தது. சாதி பதிவானவர்களை மட்டும் வைத்து வகுத்தால் 22.47 ஆகிறது; பழங்குடியினர் 11.14இலிருந்து 12.07க்கு உயர்கிறார்கள். அதனால் முதல் வேலை, ஒவ்வொரு மாநில வரிசையையும் கூட்டி மொத்தத்தோடு ஒத்துப்பார்ப்பது. பெரிய துண்டு விழும் மாநிலத்தை ஒதுக்கினால், ஒப்பிடும் மக்கள்தொகையிலிருந்தும் அதைக் கழித்துவிட வேண்டும்.

ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் 16.6, பழங்குடியினர் 8.6 விழுக்காடு. இதர பிற்படுத்தப்பட்டோரை அந்தக் கணக்கெடுப்பு எண்ணவே இல்லை. ஆகவே அவர்களுக்கு ‘மக்கள்தொகையைவிட அதிகம்’ என்று எழுத ஆதாரம் கிடையாது. சாதியும் மதமும் தனித்தனி அட்டவணைகள் என்பதால் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று எடுக்க முடியாது. தலித் கிறிஸ்தவர்கள் சட்டப்படி பட்டியல் சாதிக்குள் வருவதில்லை, அந்தக் கட்டத்தில் அவர்களைத் தேடிப் பயனில்லை.

மிகப் பெரிய குறை, சீர்மரபினருக்குத் தனிக் கட்டம் இல்லாதது. 1871இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய இந்தச் சமூகங்கள் வெவ்வேறு சாதிக் கட்டங்களில் சிதறிக் கரைந்துபோகின்றன. காவல்துறையின் பழைய சந்தேகம் இன்னும் யார்மேல் விழுகிறது என்ற கேள்விக்கு இந்த அறிக்கையிடம் பதில் இல்லை. இது மன்னிக்கக்கூடிய குறை அல்ல.

இன்னொன்று, இது ஒருநாள் கணக்கு. 2021இல் சிறைக்குள் போனவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். ஆண்டின் கடைசி நாளில் இருந்தவர்கள் 5,54,034 பேர். பத்து நாளில் பிணை கிடைத்தவர் பெரும்பாலும் இதில் வரமாட்டார், பிணைக்குப் பணமில்லாதவர் வருவார்.

2024 அக்டோபரில் சிறைப் பதிவேடுகளில் சாதிப் பத்தியை நீக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காப்பகத்தின் தரவுச் சேகரிப்பை அது தடுக்காது என்றும் பின்னர் தெளிவுபடுத்தியது. பதிவேட்டில் பத்தி இல்லாதபோது சிறை அலுவலகம் எதைப் பார்த்துப் படிவத்தை நிரப்பும் என்று எழுத்தில் வரையறுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த 36,798 இன்னும் பெருகும்.