ரப்பர் பிடி வெச்ச குரோஷே கொக்கி செட்: ரொம்ப நாள் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

எதிர் வீட்டு அக்கா நூல் பின்னுற இந்த கொக்கி செட் வாங்கலாமான்னு கேட்டாங்க, அவங்களுக்கு வாய்ஸ் நோட்ல சொன்னதயே கொஞ்சம் விரிவா போடுறேன். எத்தன கொக்கி, என்னென்ன சைஸ்ங்கறதெல்லாம் பாக்கெட்லயே இருக்கு, அத விடுங்க. நான் அதிகமா எடுக்கறது 4 எம்எம் தான், நுனி இன்னும் வழவழன்னு இருக்கு, அக்ரிலிக் நூல் பிரியாம வருது. ஆனா அந்த பிடி! சென்னை வெயில்ல வேர்வ பட்டு பட்டு பிசுபிசுன்னு ஆயி இப்ப கழண்டு சுத்துது, கொக்கிய திருப்புனா பிடி மட்டும் திரும்புது, கொக்கி அப்படியே நிக்குது. குடுத்த காசுக்கு இது அநியாயம்ங்க.

அப்புறமும் நான் பின்னிட்டு இருக்கேன்னா அதுக்கு காரணம் குரோஷே பின்னுறவங்க சேந்திருக்கற எங்க வாட்ஸ்அப் குரூப் தான். "சூப்பர் சிஸ்"னு ஹார்ட் போட்டுட்டு போறவங்க எல்லா எடத்துலயும் இருக்காங்க, இங்க ஒரு ரிட்டையர்டு டீச்சரம்மா நாம போடுற போட்டோவ பெருசாக்கி ஒவ்வொரு கண்ணியா எண்ணுவாங்க. "மூணாவது வரிசை ஓரத்துல ஒண்ணு விட்டுப்போயிருக்கும்மா, அதான் கோணுது, மத்தபடி கை சீரா வருது, பிரிச்சுட்டு போடு"ம்பாங்க. நம்ம வேலைய ஒருத்தர் அவ்ளோ உத்துப் பாக்குறாங்கங்கறதே எனக்கு பெரிய தெம்பு. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க "இத வித்தா எவ்ளோ வரும்"னு தான் மொதல்ல கேப்பாங்க, குரூப்ல இதுவரைக்கும் யாரும் அப்படி கேட்டதில்ல.

ஒரு தடவ குழந்தைப் போர்வை பாதியில இருக்கும்போது நூல் தீந்துபோச்சு. அதே ஷேட் நம்பர் சொல்லி வாங்கிட்டு வந்தா வெளிச்சத்துல வேற மாதிரி தெரியுது. ஒவ்வொரு தடவ சாயம் போடும்போதும் துளி வித்தியாசம் வரும், அதனால தான் லேபிள்ல லாட் நம்பர்னு தனியா அடிச்சிருப்பாங்க. லேபிள போட்டோ எடுத்து போட்டேன், கோயம்புத்தூர்ல இருந்து நான் நேர்ல பாத்தே இல்லாத ஒரு அக்கா அதே லாட்ல ஒரு உருண்டை மிச்சம் இருக்குன்னு கூரியர் பண்ணிட்டாங்க, காசு அனுப்புறேன்னாலும் வேணாம்னுட்டாங்க.

ஆன்லைன் பழக்கம்லாம் என்ன பழக்கம்னு சொல்றவங்களுக்கு நான் சொல்றது மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் கதை தான். சுபஸ்ரீ நடராஜன் ஃபேஸ்புக்ல சேத்த பொண்ணுங்க அவங்கவங்க வீட்ல இருந்து சதுரம் சதுரமா பின்னி அனுப்பி, 2016 ஜனவரியில சென்னையில எல்லாத்தயும் ஒண்ணா இணைச்சு 11,148.5 சதுர மீட்டர்ல ஒரே போர்வையாக்கி கின்னஸ் வாங்குனாங்க. நாங்க கொஞ்ச பேரு தான், ஆனா எங்ககிட்டயும் அதே ஒட்டுதல் இருக்கு.

குரூப்ல எனக்கு புடிக்காத ஒண்ணும் இருக்கு, காலங்காத்தால வர்ற குட் மார்னிங் படம். போன் மெமரியே ரொம்பிடுது, சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க.

சரி ரேட்டிங். அஞ்சுக்கு ரெண்டு குடுக்கலாம்னு தான் எழுத ஆரம்பிச்சேன், ஆனா நாலு போடுறேன். அந்த குழந்தைப் போர்வைய இந்த 4 எம்எம்ல தான் நேத்து ராத்திரி முடிச்சேன், இன்னிக்கு இத திட்ட மனசு வரல. வாங்குறவங்க பிடி சுத்துனா ரப்பர உருவிட்டு துணி சுத்திக்கோங்க, நூல மட்டும் மொத்தமா ஒரே லாட்ல வாங்கிடுங்க.