விக்ட்ரான் ஸ்மார்ட்சோலார் 75/15: சிறிய சோலார் அமைப்புக்கு ஏற்ற கன்ட்ரோலர்

சோலார் அமைப்பு வாங்குகிறவர்கள் பேனலுக்கும் பேட்டரிக்கும் தாராளமாகச் செலவிட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் சிக்கனம் பார்ப்பதுண்டு. பேட்டரி எத்தனை காலம் உழைக்கும் என்பது பெரும்பாலும் அந்தக் கருவியைப் பொறுத்தது என்பதால், இந்தச் சிக்கனம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. நெதர்லாந்தின் விக்ட்ரான் நிறுவனம் தயாரிக்கும் ஸ்மார்ட்சோலார் 75/15 என்ற எம்பிபிடி (பேனலிலிருந்து இயன்ற உச்சத் திறனை எடுக்கும் வகை) கன்ட்ரோலரைப் பயன்படுத்திய பிறகு என் எண்ணம் மேலும் உறுதிப்பட்டிருக்கிறது.

பெயரிலுள்ள 75 என்பது பேனல் பக்கத்தில் இது தாங்கும் உச்ச வோல்ட். 15 என்பது பேட்டரிக்கு இது தரும் உச்ச ஆம்பியர். 12 வோல்ட் பேட்டரியுடன் 220 வாட் வரையிலும், 24 வோல்ட் பேட்டரியுடன் 440 வாட் வரையிலும் பேனல் திறனை முழுமையாகப் பெறலாம்.

சாதாரண 100 வாட் பேனல் ஒன்று ஏறத்தாழ 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும்போதுதான் தன் முழுத் திறனில் இயங்குகிறது. விலை குறைந்த, பேனலை நேரடியாக பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் பிடபிள்யூஎம் வகை கன்ட்ரோலர் அதை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கே இழுத்துவிடுவதால், கையில் கிடைப்பது 72 வாட் அளவில் நின்றுவிடுகிறது. எம்பிபிடி வகை, மிகுதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றி 7 ஆம்பியருக்கு மேல் அனுப்புகிறது. ஆனால் பேனல் வெயிலில் நன்றாகச் சூடேறி, பேட்டரியும் நிறையும் தறுவாயில் இந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இக்கருவியில் திரை கிடையாது. எல்லாவற்றையும் ப்ளூடூத் வழியாக மொபைல் ஆப்பில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இது வசதிப்படாது. ஆயினும் அந்த ஆப்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கடந்த 30 நாட்களின் உற்பத்தியும், ஒவ்வொரு நாளும் பல்க் (முழு வேகத்தில் சார்ஜ் ஏற்றுவது), அப்சார்ப்ஷன் (மாறாத வோல்ட்டில் நிறைப்பது), ஃப்ளோட் (நிறைந்த பேட்டரியை அப்படியே பேணுவது) நிலைகளில் கழிந்த நேரமும் அதில் பதிவாகின்றன. நண்பகலுக்கு முன்பே ஃப்ளோட் நிலை வந்துவிட்டால், அதன்பின் பேனல் தரக்கூடிய மின்சாரத்தின் பெரும்பகுதி பயன்படாமல் போகிறது என்று பொருள். லேப்டாப் சார்ஜ் செய்வது போன்ற வேலைகளை இரவிலிருந்து பகலுக்கு மாற்ற அந்த ஒரு தகவலே போதும்.

ஆலையிலிருந்து வரும்போது அப்சார்ப்ஷன் 14.4 வோல்ட், ஃப்ளோட் 13.8 வோல்ட் என்று அமைக்கப்பட்டிருக்கிறது. இவை லெட் ஆசிட் பேட்டரியை மனத்தில் கொண்ட அளவுகள். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் ஆப்பில் அதற்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுத்து, பேட்டரி தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பேனலை இணைக்க வேண்டும். இணைக்கும்போது எப்போதும் பேட்டரிதான் முதலில்.

பேட்டரி இறங்கும்போது விளக்கு, மின்விசிறி போன்ற டிசி சாதனங்களைத் தானே துண்டிக்கும் லோட் முனை இதில் உண்டு. இன்வெர்ட்டரை அதில் இணைக்கக் கூடாது; அது நேராக பேட்டரிக்குத்தான் போக வேண்டும்.

பேனல்களைத் தொடராக இணைக்க விரும்புகிறவர்கள் 75 வோல்ட் வரம்பைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும். 22 வோல்ட் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதையும் இணைக்காதபோது பேனலில் இருக்கும் வோல்ட்) உள்ள மூன்று பேனல்கள் 66 வோல்ட்டோடு இதற்குள் அடங்கும். 38 வோல்ட் கொண்ட 60 செல் பேனல்கள் இரண்டைத் தொடராக இணைத்தாலே 76 ஆகிவிடுகிறது; குளிரில் அது இன்னும் உயரும். அத்தகைய பேனல்கள் வைத்திருப்பவர்கள் இதே வரிசையில் உள்ள 100 வோல்ட் மாடலை வாங்குவதே சரி.