எங்கள் லேப்பில் வெயான்: ஒரு வருடம் கழித்து எழுதுகிறேன்

பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியல் பிரிவில் 43 பிள்ளைகள். லேப்பில் 21 சிஸ்டம். என் மேசையில் ஒன்று போக, மீதி 20-இல் சிஸ்டத்துக்கு இரண்டு பேர். மூன்று சிஸ்டத்தில் மட்டும் மூன்று பேர். முதல் வரிசையில் ஒருத்திக்கு ஃபார் லூப்பில் விட்டுப்போன அரைப்புள்ளியைக் காட்டக் குனிந்தால், கடைசி வரிசையில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் கிரிக்கெட் ஓடும். இணைய இணைப்பையே பிடுங்கிவிடலாம் என்றார் ஹெச்.எம். எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகம். அவர்களுக்குப் பெரிய திரையில் இணையம் கிடைப்பது இந்த ஒரு அறையில்தான்.

அப்படித்தான் வெயான் வந்தது. 'விர்ச்சுவல் ஐ ஆன் நெட்வொர்க்ஸ்' என்பதன் சுருக்கம் அது. ஆசிரியர் தன் மேசையிலிருந்தே மாணவர் திரைகளைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் மென்பொருள். முன்பு ஐடால்க் என்று இருந்ததுதான் இப்போது இந்தப் பெயரில் வருகிறது. இலவசம், திறமூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். பெயரைக் கேட்டதும் எனக்கு வெய்யோன்தான் நினைவுக்கு வந்தான். மேலே நின்று எல்லாவற்றையும் பார்ப்பவன் இல்லையா!

நிறுவுவதில் ஒரு விஷயம்தான் முக்கியம். மாணவர் சிஸ்டங்களில் 'வெயான் மாஸ்டர்' என்ற பகுதியை டிக் எடுத்துவிட்டு நிறுவ வேண்டும். அது ஆசிரியர் சிஸ்டத்தில் மட்டும் இருந்தால் போதும். அப்புறம் வெயானின் அமைப்புகளை மாற்றும் கான்ஃபிகரேட்டரில், ஆசிரியர் சிஸ்டத்தை மாணவர் சிஸ்டங்கள் அடையாளம் காண ஒரு ஜோடிச் சாவிக் கோப்புகளை உருவாக்கி, பொதுச் சாவியை 20 சிஸ்டத்திலும் ஏற்ற வேண்டும். தனிச் சாவி என்னிடமே இருக்கும். அதன் நகல் ஒரு பென்டிரைவில், பென்டிரைவ் பீரோவில். அந்தக் கோப்பு ஒரு பிள்ளையின் கையில் சிக்கினால் லேப் முழுவதும் அந்தப் பிள்ளையின் கையில். எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதாகப் போனது. திங்கட்கிழமை பார்த்தால் ஏழாவது சிஸ்டத்தின் பெயருக்குக் கீழே பன்னிரண்டாவது சிஸ்டத்தின் திரை தெரிந்தது. தப்பு என்னுடையது. ரவுட்டர் தானாக ஐ.பி. முகவரிகளை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சிஸ்டத்தையும் அடையாளம் காட்டும் எண்களை) மாற்றிக் கொடுக்கும் என்பதை மறந்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் நிலையான முகவரி கொடுத்த பிறகு இன்றுவரை அந்தத் தொல்லை இல்லை.

இனி வேலைக்கு வருவோம். மாஸ்டரைத் திறந்தால் 20 திரைகளும் சின்னச் சின்னக் கட்டங்களாக வரும். ஒன்றை இரண்டு முறை சொடுக்கினால் பெரிதாகும். தேவைப்பட்டால் என் மவுஸால் அந்தச் சிஸ்டத்தை இயக்கலாம். ஒரு பொத்தானில் எல்லாத் திரைகளையும் பூட்டலாம். "எல்லாரும் இங்கே பாருங்க" என்று நான் தொண்டை கிழியக் கத்துவது அதோடு நின்றது. சாயங்காலம் 20 சிஸ்டத்தையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே அணைக்கிறேன். இதற்காகவே இதை நிறுவலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது டெமோ. என் திரை 20 சிஸ்டத்திலும் தெரியும். எங்களிடம் புரொஜெக்டர் இல்லை; கரும்பலகையில் நிரல் எழுதிப்போட்டே பல வருடம் ஓட்டியவள் நான். நான் தட்டச்சு செய்வதும், தப்பு வருவதும், அதைத் தேடித் திருத்துவதும் இப்போது அவர்கள் கண்முன் நடக்கிறது. பிழைச் செய்தியைப் படித்துப் பார்க்கும் பழக்கம் இந்த வருடப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது என்றால் டெமோதான் காரணம்.

பார்ப்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதல் மாதம் நான் பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் ஒரு பையன் மேட்ச் பார்த்தபோது, என் மேசையிலிருந்தே அவன் ஜன்னலை மூடினேன். வகுப்பே சிரித்தது. அவன் முகம் சுருங்கிப்போனது. அடுத்த வாரம் கட்டங்களை மேய்ந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தாள். பெரிதாக்கினேன். இரண்டு வரி படித்துவிட்டேன். வீட்டு விஷயம். நான் படித்திருக்கக் கூடாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் கணினி நன்னெறி என்று ஒரு பாடமே இருக்கிறது. அதை நடத்துகிறவளே நான்தான்.

மறுநாள் கான்ஃபிகரேட்டரைத் திறந்து பார்த்தேன். மாணவர் சிஸ்டத்தின் மூலையில் வரும் வெயான் சின்னத்தை மறைக்க ஒரு வசதி உண்டு. நான் அதை மறைத்துத்தான் வைத்திருந்தேன். அந்த மறைப்பை எடுத்துவிட்டேன். ஆசிரியர் இணையும்போது மாணவருக்கு அறிவிப்பு காட்டும் வசதியையும் இயக்கினேன். அப்புறம் பிள்ளைகளிடம் நேராகச் சொன்னேன்: லேப் நேரத்தில் உங்கள் திரை எனக்குத் தெரியும், ஒரு மாதமாகச் சொல்லாமல் பார்த்தது தப்பு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அப்ப பாஸ்வேர்டு அடிக்கிறதும் தெரியுமா?" கேட்க வேண்டிய கேள்வி. பெட்டியில் புள்ளிகளாக வந்தால் எனக்கும் புள்ளிதான் என்று காட்டினேன்.

லேப் விதிகளை அன்றைக்கே அவர்களோடு உட்கார்ந்து எழுதினோம். பயிற்சி முடித்தவர்களுக்குக் கடைசி 10 நிமிடம் சொந்த உபயோகம். அந்த 10 நிமிடம் நான் மாஸ்டரை மூடிவிடுவேன். மற்றவர் கணக்கில் நுழையக் கூடாது. கேட்காமல் யாரையும் படம் எடுத்து ஏற்றக் கூடாது. அசிங்கமாக ஏதாவது தானாகத் திறந்துகொண்டால் கை தூக்கினால் போதும், திட்டு கிடையாது. இந்தக் கடைசி விதியைப் பிள்ளைகள்தான் சேர்க்கச் சொன்னார்கள். தாள் கதவில் ஒட்டியிருக்கிறது. நகல் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கையெழுத்தோடு திரும்பி வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெயான் வடிகட்டி இல்லை. எந்தத் தளத்தையும் அது தானாகத் தடுக்காது. இணையத்தைக் கட்டுப்படுத்தும் துணைநிரலைத் தனியாக விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நாங்கள் வாங்கவில்லை. ரவுட்டரில் டி.என்.எஸ். (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐ.பி. முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியை 1.1.1.3 என்று மாற்றினேன். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-இல் குடும்பங்களுக்காகத் தொடங்கிய இலவசச் சேவை அது. ஆபாசத் தளங்களையும் கணினிக்குக் கேடு செய்யும் தீநிரல் தளங்களையும் அது தடுக்கும். கிரிக்கெட்டைத் தடுக்காது. அதற்குக் கதவில் இருக்கும் தாள்தான்.

திரையைப் படம்பிடித்துச் சேமிக்கும் பொத்தானை ஆதாரம் சேர்க்க நான் தொடுவதில்லை. ஒரே ஒருமுறை அழுத்தினேன், அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு. நான் 14 வரியில் எழுதிக் காட்டிய நட்சத்திரக் கோலம் போடும் நிரலை அவள் ஒன்பது வரியில் முடித்திருந்தாள். பிரிண்ட் எடுத்து விதித்தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் லேப்பில் போட நினைத்தால் முதலில் மூன்று சிஸ்டத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.