ஆறா, ஏழா? கேப் ரயில்வேயின் இரண்டு எஞ்சின்கள், ஒரு கணக்கு

தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் ஓடிய கேப் அரசு ரயில்வேயின் 6-ஆம் வகுப்பு, 7-ஆம் வகுப்பு நீராவி எஞ்சின்கள் இரண்டுக்கும் சிலிண்டரின் உள்விட்டம் 17 அங்குலம். பாய்லர் அழுத்தம் இரண்டிலும் சதுர அங்குலத்துக்கு 160 பவுண்டு. வால்வை இயக்கும் ஸ்டீபன்சன் வால்வு கியர், சறுக்கித் திறந்து மூடும் ஸ்லைடு வால்வு, நீராவியை மேலும் சூடாக்கி உலர்த்தும் சூப்பர்ஹீட்டர் இல்லாததால் ஈர நீராவி, 1067 மி.மீ. பாதை என்று எல்லாமே பொது. இரண்டும் எஞ்சின் துறை அதிகாரிகளான மைக்கேல் ஸ்டீபன்ஸ், எச்.எம். பீட்டி ஆகியோர் பொறுப்பில் இருந்த காலத்தவை. கிளாஸ்கோவில் கட்டப்பட்டவை. இத்தனை ஒன்றாக இருக்க, ஒரே ரயில்வே ஓராண்டு இடைவெளியில் எதற்காக இரண்டையும் வாங்கியது?

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஏழுதான் மூத்தது. 1892-93-ல் டூப்ஸ், நீல்சன் என்ற இரு கம்பெனிகளிலிருந்து 38 எஞ்சின்கள் வந்தன. ஆறாம் வகுப்பு 1893-94-ல், டூப்ஸிடமிருந்து 40. காலம் முக்கியம். 1892 செப்டம்பரில்தான் கேப் பாதை ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் வழியாக ஜோகன்னஸ்பர்க்கை எட்டியது. மற்றக் கடற்கரைகளிலிருந்து அங்கே போகும் போட்டிப் பாதைகளில், டெலகோவா பே பாதை 1894 கடைசியில்தான் முடிந்தது. நேட்டால் பாதை இன்னும் ஓராண்டு கழித்து. நடுவில் கிடைத்த இரண்டு ஆண்டுகளில் தங்கச் சுரங்கத்துக்குக் கடல்வழி வந்த இயந்திரம், மரம், சிமென்ட், ஆள் எல்லாம் கேப் பாதையில்தான் போயாக வேண்டும். கேப் டவுனிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மைல். அதில் மலையும் உண்டு, கரூ பொட்டலும் உண்டு. ஒரே எஞ்சின் இரண்டுக்கும் சரிப்படாது.

வித்தியாசம் முழுக்கச் சக்கரத்திலும் பிஸ்டன் ஓடும் நீளத்திலும் இருக்கிறது. ஆறாம் வகுப்பு 4-6-0 (முன் சக்கரம், ஓட்டு சக்கரம், பின் சக்கரம் என்ற வரிசையில் எண்ணிக்கை): முன்னால் நாலு சக்கர போகி, பின்னால் 54 அங்குல விட்டத்தில் மூன்று ஜோடி ஓட்டு சக்கரங்கள், பிஸ்டன் ஓட்டம் 26 அங்குலம். ஏழாம் வகுப்பு 4-8-0: அதே போகி அமைப்பு, ஆனால் 42¾ அங்குலத்தில் நாலு ஜோடி, ஓட்டம் 23 அங்குலம்.

இழுவிசைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். சிலிண்டர் விட்டத்தின் வர்க்கத்தை ஓட்டத்தால் பெருக்கி, பாய்லர் அழுத்தத்தில் 75 சதவீதத்தால் பெருக்கி, சக்கர விட்டத்தால் வகுக்க வேண்டும். ஆறுக்கு 17 × 17 × 26 × 120 ÷ 54, சுமார் 16,700 பவுண்டு. ஏழுக்கு 17 × 17 × 23 × 120 ÷ 42.75, சுமார் 18,660 பவுண்டு. ஓட்டம் மூன்று அங்குலம் குறைந்தும் ஏழு ஜெயிக்கிறது. சக்கரம் அதைவிடக் கூடுதல் விகிதத்தில் சிறுத்துவிட்டதுதான் காரணம்.

12 சதவீதம் கூடுதல் என்பது பெரிதாகத் தோன்றாது. ஹெக்ஸ் ரிவர் ஏற்றத்தில் வைத்தால்தான் அதன் எடை தெரியும். டி டோர்ன்ஸிலிருந்து மாட்ரூஸ்பெர்க் வரை 40 அடிக்கு 1 அடி ஏற்றம். வளைவுகள் 5 செயின், அதாவது சுமார் 100 மீட்டர் ஆரம் வரை இறுக்கம். வளைவு வரும் இடத்தில் ஏற்றத்தைத் தணித்துக் கொடுக்கவும் இல்லை. 40-க்கு 1 ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னுக்கும் (2,240 பவுண்டு) 56 பவுண்டு பின்னிழுப்பு. சாதாரண உருளல் தடைக்கு டன்னுக்கு 7 பவுண்டு சேர்த்தால் 63. ஆறால் நேர்ப்பாதையில் அப்படி மொத்தம் 265 டன்னை அசைக்க முடியும், ஏழால் 296. இதில் எஞ்சினும் டெண்டரும் சேர்ந்து 75 டன் என்று வைத்துக் கழித்தால் பின்னால் மாட்டக்கூடியது 190-க்கு 221. பன்னிரண்டு சதவீதம் பதினாறாகிவிட்டது. தன்னையே தூக்கிக்கொண்டு ஏறுகிற எஞ்சினுக்கு, கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு பவுண்டும் வண்டிக்கே போகிறது. இது காகிதக் கணக்கு. இறுக்கமான வளைவுக்கு இன்னும் கழிக்க வேண்டும்.

அடுத்தது பிடிமானம். இழுவிசை சிலிண்டரில் இருந்தால் மட்டும் போதாது, சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்க வேண்டும். ஓட்டு சக்கரங்களின் மேல் இழுவிசையைப் போல நாலு மடங்கு எடையாவது வேண்டும் என்பது பழைய விதி. ஏழின் இழுவிசை 8.3 டன், எனவே 33 டன்னுக்கு மேல் வேண்டும். நாலு அச்சில் பிரித்தால் அச்சுக்கு 8.3 டன் போதும். ஆறுக்கு ஏறக்குறைய 30 டன் வேண்டும், ஆனால் அச்சு மூன்றுதான், ஆளுக்குப் பத்து டன். கூடுதலாக இழுக்கிற எஞ்சினே தண்டவாளத்தைக் குறைவாக அழுத்துகிறது! இந்த ஒரு வரிதான் பின்னால் ஏழாம் வகுப்பின் ஆயுளைத் தீர்மானித்தது.

பனி படிந்த காலையில் ஏற்றத்தில் நின்றுபோன கூட்ஸை மறுபடி கிளப்பும்போது ஆறாம் வகுப்பு எளிதில் வழுக்கும். சிலிண்டருக்கு நீராவியை விடும் ரெகுலேட்டரைச் சட்டென்று திறந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். சிம்னி வழியாகத் திடீரென்று பாயும் நீராவி நெருப்பையே பிய்த்து எடுத்துவிடும், கரிப்படுகையில் ஓட்டை விழும், குளிர்காற்று நேராகக் குழாய்த் தகட்டில் அடிக்கும், குழாய் முனைகள் கசிய ஆரம்பிக்கும். பிடிமானத்துக்காகத் தண்டவாளத்தில் மணல் தூவும் குழாய் அடைத்துக்கொண்டால் சிறு வேலைதான், ஆனால் அந்தச் சிறு வேலையைப் பார்க்காமல் விட்டால் பாய்லர் வேலையில் போய் நிற்கும்.

மலையைத் தாண்டி டவுஸ் ரிவருக்கு அப்பால் போனதும் ஆட்டம் மாறுகிறது. 54 அங்குலச் சக்கரம் ஒரு மைலுக்கு 373 சுற்று, 42¾ அங்குலச் சக்கரம் 472 சுற்று. மணிக்கு 40 மைல் வேகத்தில் ஆறாம் வகுப்பு நிமிடத்துக்கு 249 சுற்றும்போது ஏழாம் வகுப்பு 315 சுற்ற வேண்டியிருக்கிறது. பிஸ்டனின் வேகம் ஆறில் நிமிடத்துக்கு சுமார் 1,080 அடி, ஏழில் 1,200 அடிக்கு மேல். குறுகிய ஸ்லைடு வால்வு வழியில் நீராவி உள்ளே போகவும் வெளியே வரவும் நேரம் போதாது. வெளியேறாமல் தங்கியது பிஸ்டனுக்கு எதிராகத் தள்ளும். கிராங்க் பின்னும் பெரிய முனை பேரிங்கும் சூடாகும். ஏழாம் வகுப்பை 40 மைலில் ஓட்ட முடியும்தான், ஆனால் அந்த வேகத்தில் ஓட்டிப் பழகினால் ஷெட்டில் தேய்ந்த பேரிங்குக்கு வெள்ளை உலோகம் ஊற்றுகிறவருக்கு ஓய்வே இருக்காது. ஆறுக்கு அது இயல்பான நடை. பயணிகள் வண்டிக்கும் மெயிலுக்கும் ஆறு, கூட்ஸுக்கு ஏழு என்று பிரித்தது இதனால்தான்.

வளைவில் நிலைமை தலைகீழ். ஓட்டு சக்கரங்கள் உரசாமல் நிற்கவே ஏழுக்கு முதல் அச்சிலிருந்து நாலாம் அச்சு வரை பதினொன்றரை அடியாவது வேண்டும், ஆறுக்கு ஒன்பதரை அடி போதும். 5 செயின் வளைவில் அந்தப் பதினொன்றரை அடிக்குள் தண்டவாளம் 15 மி.மீ. வளைந்திருக்கும். ஒன்பதரை அடிக்குள் 10 மி.மீ.தான். அச்சுகள் வளையாது, எனவே அந்த மில்லிமீட்டர்களைச் சக்கர விளிம்பின் இடைவெளியிலும் அச்சின் பக்கவாட்டு அசைவிலும் கண்டுபிடித்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் விளிம்பு கூர்மையாகத் தேய்ந்து, டயரை லேத்தில் ஏற்றுகிற நாள் சீக்கிரம் வரும். மலைக்கென்று செய்த எஞ்சின் மலை வளைவில்தான் கூடுதலாகத் தேய்கிறது என்பது கொஞ்சம் வேடிக்கை.

நெருப்புப் பெட்டியில் இரண்டுக்கும் ஒரே குறை. சட்டத்தின் பக்கத் தகடுகளுக்கு நடுவில் இறங்கும் குறுகிய பெட்டி. 1067 மி.மீ. பாதையில் தகடுகளுக்கு நடுவே கிடைக்கும் அகலம் கொஞ்சம்தான். வெல்ஷ் கரி போட்டால் இரண்டும் ஒழுங்காக எரியும். கேப் கிழக்குப் பகுதியின் சைஃபர்காட், இண்ட்வே சுரங்கக் கரியில் சாம்பல் அதிகம். அது உருகிக் கட்டியாகிக் கம்பிகளின் மேல் படிந்தால் காற்று ஏறாது. குறுகிய பெட்டியில் கட்டியை உடைத்து ஒதுக்க ஃபயர்மேனுக்கு இடம் கிடையாது. ஏற்றத்தில் ஏழுக்கு இது கூடுதல் தலைவலி. ஒரே வெட்டு நிலையில், அதாவது பிஸ்டன் ஓட்டத்தின் ஒரே பங்கில் நீராவியை நிறுத்தினால், ஏழாம் வகுப்பு மைலுக்கு 12 சதவீதம் கூடுதல் நீராவியைக் குடிக்கும்.

கரூ தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் இரண்டையும் பாகுபாடில்லாமல் வாட்டியது. பாய்லர் கழுவுவதைத் தள்ளிப்போட்டால் தண்ணீர் நுரைத்து நீராவியோடு சிலிண்டருக்குள் வரும். வடிகுழாயைத் திறக்கத் தாமதித்தால் அடக்க முடியாத தண்ணீர் சிலிண்டர் மூடியைப் பிளக்கும். ஏற்றத்தின் உச்சியில் இன்னொரு பொறி. ஏறும்போது தண்ணீர் பின்பக்கம், நெருப்புப் பெட்டியின் மேல் குவிந்து, கண்ணாடியில் மட்டம் தாராளமாகத் தெரியும். உச்சியைத் தாண்டி மூக்கு கீழே சாய்ந்ததும் மட்டம் சில அங்குலம் இறங்கிவிடும். ஏறும்போது பார்த்த மட்டத்தை நம்பி பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரைப் போடாமல் வந்தவர்களுக்கு, தண்ணீர் குறைந்தால் உருகும்படி நெருப்புப் பெட்டியின் மேல் வைத்த ஈயத் திருகு உருகிப் பாடம் சொல்லும்.

இறக்கத்தில் ரெகுலேட்டரை முழுக்க மூடிவிட்டு உருளவிடுவதும் தவறு. ஸ்லைடு வால்வை முகத்தோடு அழுத்திப் பிடிப்பது அதன் முதுகின் மேல் உள்ள நீராவிதான். அது இல்லாதபோது வால்வு எழும்பித் தடதடக்கும், பிஸ்டன் புகைப்பெட்டியின் சாம்பலை உறிஞ்சும். மைலுக்கு நூறு சுற்று கூடுதலாகச் சுற்றுகிற ஏழில் இந்தத் தேய்மானமும் கூடுதல். கொஞ்சம் நீராவியை விட்டுக்கொண்டே இறங்குவதுதான் முறை.

இனி ஆயுள். ஆறின் வடிவம் நன்றாகப் பிடித்துப்போய் 6ஏ, 6பி என்று வரிசையாகப் பெருகியது. ஆனால் எக்ஸ்பிரஸ் வேலை வண்டியின் எடையோடு வளருகிற வேலை. 1903-ல் கிட்சன் கட்டிய ‘கரூ’ 4-6-2, பெரிய சக்கரமும் அகல நெருப்புப் பெட்டியுமாக வந்ததும் ஆறின் இடம் சுருங்க ஆரம்பித்தது. அதன் பிறகு கிளைப்பாதை, புறநகர் வண்டி, கடைசியில் யார்டில் பெட்டிகளை நகர்த்திக் கோக்கும் ஷண்டிங். 54 அங்குலச் சக்கரத்தை யார்டில் ஷண்டிங்குக்கு விடுவது குதிரையைச் செக்கில் பூட்டுவதுபோல. ஓடும், ஆனால் ஒவ்வொரு கிளப்பலிலும் வழுக்கும்.

ஏழுக்கு எதிர்த்திசையில் அதிர்ஷ்டம். முதன்மைப் பாதையில் அதுவும் சீக்கிரம் சிறிதாகிவிட்டது. ஆனால் அச்சு எடை குறைவு என்பதால் லேசான தண்டவாளம் போட்ட இடங்களிலெல்லாம் அதற்கு வேலை இருந்தது. ரொடீஷியாவும் இதே வகையை வாங்கியது. 1912-ல் தென்னாப்பிரிக்க ரயில்வே எண்களை மாற்றியபோதும் 6, 7 என்ற வகுப்பு எண்கள் அப்படியே நின்றன. முதல் உலகப்போரில் ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா (இன்றைய நமீபியா) பிடிபட்டதும் ஏழாம் வகுப்புக் குடும்பம் அங்கே போனது. கெஜத்துக்கு 45 பவுண்டு எடையுள்ள லேசான தண்டவாளத்துக்கென்றே வடிவமைத்த 24-ஆம் வகுப்பு 1949-ல் வந்த பிறகும் அது அங்கே ஓடிக்கொண்டிருந்தது. 1961 வாக்கில் டீசல் வந்துதான் அதை அனுப்பியது. ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் பக்கம் ஜாம்பெசி மர அறுவை ஆலைப் பாதைக்கும் சில விற்கப்பட்டன.

1930-களில் ஏழாம் வகுப்புக் குடும்பத்தில் பலவற்றுக்கு சூப்பர்ஹீட்டர் பாய்லர் வைத்தார்கள். உலர்ந்த நீராவியில் ஸ்லைடு வால்வுக்கு எண்ணெய் நிற்காது, எனவே பிஸ்டன் வால்வும் கூடவே வந்தது. 7பி, 7சி எஞ்சின்கள் சிலவற்றில் மட்டும் எண்பலகையில் ‘எஸ்’ என்ற எழுத்தைச் சேர்த்தார்கள், மற்றவற்றில் சேர்க்கவில்லை. பழைய புகைப்படத்தில் எது எது என்று பிரிக்க, பலகையை விட்டுவிட்டு சிம்னியைப் பாருங்கள். சூப்பர்ஹீட்டரின் தலைப்பெட்டிக்குப் புகைப்பெட்டியின் உள்ளே இடம் விட வேண்டியிருந்ததால், மாற்றிய எஞ்சின்களில் சிம்னி முன்பக்கம் தள்ளி நிற்கும்.