680 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போயிற்று: பழைய விண்ட்சர்ஃபிங் பாய் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். தணிந்துவிட்டால், "போகட்டும், பழைய சாமான்தானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அதை எனக்கு விற்ற கடைக்காரர் நம்பியிருப்பதும் அதைத்தான்.

சிங்கப்பூரில் பழைய நீர் விளையாட்டுச் சாமான்களை வாங்கி விற்கும் கடை அது. தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் மாடியில் இருக்கிறது. பெயரைக் கேட்காதீர்கள், புகார் கொடுக்கப்போகிற நேரத்தில் எழுத விரும்பவில்லை. காற்றைப் பிடித்துப் பலகையை ஓட்டும் 6.5 சதுர மீட்டர் பாய், அதைத் தாங்கும் கார்பன் கம்பம், கையால் பிடிக்கும் பூம், கம்பத்தின் அடியில் செருகி நீளம் கூட்டும் எக்ஸ்டென்ஷன், பலகையோடு இணைக்கும் அடிமூட்டு எல்லாம் சேர்த்து 680 வெள்ளி. புதிய கார்பன் கம்பம் ஒன்றின் விலையே அதற்கு மேல் போகும் என்பதால் நல்ல பேரமாகத்தான் தெரிந்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றை விட்டால் இங்கே ஆண்டின் மற்ற மாதங்களில் காற்று எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஜனவரியிலேயே வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. பழைய சாமானில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அவரை ஏன் நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும். விற்கிற அவசரமே அவரிடம் இல்லை. "தம்பி, உங்கள் எடை என்ன? எந்தப் பலகை வைத்திருக்கிறீர்கள்?" என்று விசாரித்தார். விலை கூடிய வேறொரு பாயைக் காட்டி, "இது உங்களுக்குப் பெரிது, வேண்டாம்" என்று அவரே ஒதுக்கிவைத்தார். கம்பத்தின் இரு பாகங்களையும் என் கண் முன்னாலேயே பூட்டி, விரல் நகத்தால் தட்டிக் காட்டினார். "கேட்டீர்களா? கார்பன் சத்தம்." இணைப்பில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மணல் புகாமல் இருக்க எல்லோரும் சுற்றுவதுதான் என்றார், அது உண்மையும்கூட. அடிப்பாகத்து ஸ்டிக்கரில் 430 செ.மீ., விறைப்பு எண் 21, கார்பன் 75 சதவீதம் என்று தெளிவாக இருந்தது. மேற்பாகத்தில் ஸ்டிக்கர் இல்லை. வெயிலில் உரிந்துவிட்டதாம். பாயைப் பாதிக்கு மேல் விரிக்க இடமில்லை என்றார். கிளம்பும்போது பாயை இறுக்குவதற்குப் புதிய கயிறு ஒன்றை இலவசமாகக் கையில் கொடுத்தார். "அண்ணன் சொல்கிறேன், இது பத்து வருடம் உழைக்கும்." அந்தக் கயிறு ஒன்றுதான் இந்த முழுச் செட்டிலும் குறை சொல்ல முடியாத பொருள்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் புல்தரையில் பாயைப் பூட்ட உட்கார்ந்தேன். இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: பாயின் அடியில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று கம்பம் நுழையும் முன் ஓரத்தின் நீளம், மற்றது பூமின் நீளம். என் பாயில் முன் ஓரம் 463 செ.மீ. அதிலிருந்து கம்பத்தின் நீளம் 430-ஐக் கழித்தால் 33. எக்ஸ்டென்ஷனை 33-இல் வைத்துக் கயிற்றை இழுத்தால், பாயின் மேற்பகுதியில் பின் ஓரம் தளர்ந்து படபடக்கத் தொடங்கும். அதுதான் சரியான இறுக்கம். அதன் பிறகுதான் பூமின் பக்கம் போக வேண்டும். அங்கே சிறிது இழுத்தால் போதும்.

நான் இழுத்தேன். கயிறு மூன்று சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் பாயிலுள்ள கப்பியும் எக்ஸ்டென்ஷனிலுள்ள கப்பியும் ஒன்றோடொன்று முட்டிய பிறகும், பாய் மழையில் நனைந்த படுதா போலத் தொங்கியது. எக்ஸ்டென்ஷனை அதன் கடைசித் துளையான 36-க்கு மாற்றினேன். அப்போதும் அதே கதைதான். பின் ஓரம் விறைப்பாகவே நின்றது. இப்படிப்பட்ட பாயோடு கடலில் இறங்கினால் காற்றின் விசை பின்னால் நகர்ந்து பின்கையைப் பிய்க்கும். பலத்த காற்று அடித்தால் பாய் அதை வழியவிடாது, ஆளைத்தான் தூக்கி எறியும்.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். "காலை ஊன்றி இழுங்கள் தம்பி, புதியவர்கள் எல்லோருக்கும் கை வலிக்கும்." இரண்டு கப்பிகளும் முட்டி நிற்கும்போது காலை ஊன்றி எதை இழுப்பது? படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். வீடியோ கேட்டார், அதையும் அனுப்பினேன். "கொஞ்சம் தளர்வாக இருந்தால் விசை அதிகம், அப்படியே ஓட்டுங்கள்" என்று பதில் வந்தது. இந்த ஒரு வரிக்காகவே அவரை மன்னிக்க மாட்டேன். தளர்ந்த பாயோடு ஒருவனைக் கடலுக்கு அனுப்பத் துணிந்தவருக்கு 680 வெள்ளி எம்மாத்திரம்?

பிறகு அளக்கும் நாடாவை எடுத்தேன். பூட்டிய கம்பத்தின் நீளம் 415 செ.மீ. அதாவது 430 கம்பத்தின் அடிப்பாகம் 215, அதன்மேல் ஒரு 400 கம்பத்தின் மேற்பாகம் 200. டேப்பை உரித்தேன். உள்ளே இன்னும் இரண்டு அடுக்கு டேப். பொருந்தாத இணைப்பு ஆடாமல் இருக்கச் சுற்றியது. 415-உடன் 36-ஐக் கூட்டினால் 451. பாய்க்கு வேண்டியது 463. பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைகிற இடத்தில் எந்தப் பயில்வான் இழுத்தாலும் பாய் இறுகாது. நீளம் சரியாக இருந்திருந்தாலும் பயனில்லை. கம்பம் எந்த வளைவில் வளையும் என்று கணக்கிட்டுத்தான் பாயின் முன் ஓரத்தை வெட்டுகிறார்கள். வெவ்வேறு கம்பங்களின் பாதிகளை ஒட்டினால் அந்த வளைவு வராது. பாயை முழுதாக விரித்தபோது, கடையில் சுருட்டியே வைத்திருந்த பாதியில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள் வெயில் பட்டுப் பால்போல வெளுத்திருந்தது. மடிப்பில் அழுத்தியதும் நொறுங்கும் சத்தம் கேட்டது.

அளவுகளை எழுதி அனுப்பியதும் அண்ணனின் குரல் மாறிவிட்டது. "பழைய சாமானுக்குத் திருப்பி எடுக்கும் வழக்கம் இல்லை." பிறகு, "நீங்கள்தான் மேற்பாகத்தை மாற்றியிருப்பீர்கள்." என்னிடம் இன்னொரு கம்பம் இருந்தால் இவரிடம் ஏன் போகிறேன்? அதன் பின் செய்திகளைப் படித்தார், பதில் இல்லை. நேரில் போனேன். கடையில் இருந்த பையன், அவர் பாத்தாம் போயிருக்கிறார் என்றான். மறுபடி போனபோதும் பாத்தாம்தான். படகில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள தீவிலிருந்து திரும்பிவர இவருக்கு மட்டும் கப்பல் கிடைக்கவில்லை போலும். 680 வெள்ளி அங்கே, காற்று இங்கே, நான் கரையில்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். கை நடுங்குகிறது, இவ்வளவுதான் முடியும். அளக்கும் நாடாவோடு போங்கள். கம்பத்தைப் பூட்டி முழு நீளத்தையும் அளங்கள். இரு பாகத்திலும் ஸ்டிக்கர் இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். டேப்பை உரித்துப் பாருங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். பாயை முழுதாக விரிக்க இடமில்லை என்பவரிடம் வாங்காதீர்கள். முடிந்தால் அங்கேயே பூட்டி இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். கம்பத்தைக் கவ்வும் பூம் தலையும் கம்பத்தின் தடிமனும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒல்லிக் கம்பம், தடிக் கம்பம் என இரு வகை உண்டு.

ரசீது வாங்குங்கள். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இங்கே 2012 முதல், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் 'லெமன்' சட்டம் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கடையின் பொறுப்பு. "பழைய சாமான், திருப்பி எடுக்க மாட்டோம்" என்று அவர் சொன்னதால் மட்டும் விஷயம் முடிந்துவிடவில்லை. பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே தீராவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். 680 வெள்ளியை விடுவதாக இல்லை.

இதற்கிடையே, அந்த 430 அடிப்பாகத்துக்கு அதே வகைக் கம்பத்தின் மேற்பாகம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நாடாவோடு வருவேன், டேப்பை உரிப்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.